திரும்பிப் போவார் என்பதற்கு என்ன சாட்சி?

டிம்ப்னா ரெனால்ட்ஸ் ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை ஆர்மீனியாக்காரர். கல்யாணமும் அங்கேயே நடந்தது. அயர்லாந்தில் இருக்கும் எங்கள் கில்வார்னாவிலிருந்து ஒருவரும் போகவில்லை, கூடப்பிறந்த அண்ணன் மாலக்கிகூடப் போகவில்லை. தனியாகப் போனவள் விரலில் ஒரு மெல்லிய மோதிரத்தோடு தனியாகவே திரும்பி வந்தாள். மறுநாள் காலை தன் முடியலங்காரக் கடையைத் திறந்து, ஒன்றுமே நடக்காததுபோல பெக் மெக்வீனியின் தலையில் கர்லர் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு மாப்பிள்ளை நிஜமாகவே உண்டா என்று ஊருக்குச் சந்தேகம் வந்ததில் பெரிய தப்பில்லை.

கடை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு தலை கழுவும் தொட்டி, சுவரோரம் தலைக்குமேல் கவிழ்த்து முடி உலர்த்தும் மூன்று டிரையர். வியாழனும் வெள்ளியும் நான் அங்கே தலை கழுவிவிடுவேன், தரை கூட்டுவேன், தேநீர் போடுவேன். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அந்த டிரையர்களுக்கு அடியில்தான் முதலில் பேச்சாகும். டிரையரின் இரைச்சலில் தங்கள் குரல் வெளியே கேட்காது என்று உள்ளே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெட்ரோல் பங்கு வரை கேட்கும்.

"உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார், டிம்ப்னா?" என்று பெக் வாராவாரம் கேட்பாள்.

"நல்லா இருக்கார், பெக்."

"அந்தப் போட்டோவுல இருக்கறவர்தானே?"

"நேர்லயும் அவரேதான்."

"நாங்க நேர்ல பாக்கலையே, கண்ணு. போட்டோன்னா எங்க வீட்டு காலண்டர்லகூட இருக்காங்க. மாசத்துக்கு ஒருத்தர்."

டிம்ப்னா சிரிப்பாள். அவளுக்குச் சட்டென்று கோபம் வராது. பெரிய உடம்பு, மெதுவான நடை, அவசரமே தெரியாத கைகள். அவளிடம் தலையைக் கொடுத்தால் பாதியில் தூக்கம் வந்துவிடும்.

அவரை அவள் சந்தித்தது இப்படி. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கோடையில் பத்துப் பதினைந்து பேர் ஆர்மீனியாவுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் உதவி வேலைக்குப் போனார்கள். டிம்ப்னாவுக்குச் செங்கல் தூக்கத் தெரியாது. ஆனால் சிமெண்டு குழைக்க வரும், தலைச்சாயம் குழைத்த பழக்கம். அங்கே இவர்களை ஏற்றி இறக்கிய சிற்றுந்தின் ஓட்டுநர்தான் சாம்வெல். ஒரு நாள் வண்டி கிளம்பத் தாமதமாக, ஏன் என்று பார்க்க அவர் வீட்டு முற்றத்துக்குள் எட்டிப் பார்த்தாளாம். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அண்ணனை மல்பெரி மரத்தடியில் உட்காரவைத்து, சாம்வெல் சவரம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் பெயர் கார்னிக்.

"முப்பது வருஷமா அடுத்தவங்க தலையில கை வெச்சிருக்கேன், கொரெட்டி," என்று என்னிடம் சொன்னாள். "ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைத் தொடற விதத்துலயே ஆளைச் சொல்லிடுவேன். அந்த மனுஷன் அண்ணன் கன்னத்தைப் பிடிச்சிருந்தது, இப்பத்தான் முட்டையிலேருந்து வெளிய வந்த கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்கு அங்கயே முடிஞ்சுபோச்சு."

அடுத்த இரண்டு கோடையும் வீடு கட்டும் கூட்டம் இல்லாமலேயே போனாள். மூன்றாவது முறை கல்யாணம்.

இருவரும் எங்கே குடித்தனம் செய்வது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. கார்னிக்கை விட்டு சாம்வெல் நகர முடியாது. இங்கே டிம்ப்னாவுக்குக் கடை இருந்தது, மாலக்கி இருந்தார். அம்மா அப்பா போனபிறகு அண்ணனும் தங்கையும் அந்தப் பழைய பண்ணை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவருக்கு மாடுகள், அவளுக்குக் கடை. மாலக்கி அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். வாய் திறந்தால் மாட்டைப் பற்றி, இல்லாவிட்டால் மழையைப் பற்றி. தங்கையின் கல்யாணத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். "சரி."

"கட்டிக்கிட்டவங்க ஒரே கூரைக்கு அடியிலதான் இருக்கணும்னு யார் சொன்னது?" என்பாள் டிம்ப்னா. "வருஷத்துல கொஞ்ச நாள் நான் போறேன், கொஞ்ச நாள் அவர் வரட்டும். பாதிப் பேர் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே அவ்வளவுகூடப் பேசிக்கறதில்ல."

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பூசை உண்டு. பாதிரியார் முறைவைத்து ஒவ்வொரு வீடாக வருவார். சமையலறை மேசையில் பூசை நடக்கும், அக்கம்பக்கம் எல்லாம் கூடும், பிறகு பெரிய சாப்பாடு. கல்யாணம் ஆகி இரண்டு வருடம் கழித்து, அக்டோபரில் ரெனால்ட்ஸ் வீட்டு முறை. முறை வந்துவிட்டால் வீட்டுக்கு வண்ணம் பூசாமல் விடமாட்டார்கள். மாலக்கி ஏணி போட்டு வெளிச்சுவரை எல்லாம் வெள்ளையடித்தார், வாசல் கதவுக்குச் சிவப்பு பூசினார். டிம்ப்னாவுக்கு ஒரு ஆசை வந்தது. ஊர் முழுக்க வீட்டுக்குள் நிற்கும் அந்த ஒரு நாளில் சாம்வெலும் பக்கத்தில் நின்றால் எல்லாருடைய வாயும் ஒரே வேளையில் மூடிக்கொள்ளும்.

இரண்டு வாரம் வந்துபோக விசா கேட்டார் சாம்வெல். கல்யாணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வண்டி ஓட்டும் வேலைக்கான கடிதம் எல்லாம் வைத்தார். வீடு மாலக்கியின் பெயரில் இருந்ததால் அவரும் ஒரு கடிதம் தந்தார். "என் தங்கையின் கணவர் என் வீட்டில் தங்கலாம்." அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பெக்கின் தலை தொட்டியில் இருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டிம்ப்னா கைபேசியை எடுத்துப் பார்த்தாள், மேலங்கிப் பையில் அதைப் போட்டுவிட்டு வந்து, "நான் பாத்துக்கறேன்," என்று என் கையிலிருந்து குழாயை வாங்கினாள். பெக்கின் தலையை முழுதாக அலசி, துடைத்து, கர்லர் சுற்றி, டிரையருக்கு அடியில் உட்காரவைத்தாள். 

கதவைச் சாத்தியபிறகு, "விசா குடுக்கல, கொரெட்டி," என்றாள்.

"ஏனாம்?"

"இங்க வந்தா திரும்பிப் போவார்னு நம்பிக்கை இல்லையாம்."

"எங்க திரும்பிப் போவார்னு?"

"அவர் வீட்டுக்குத்தான். திரும்பிப் போறதுக்கு அங்க அவருக்குப் போதுமான கடமை எதுவும் இருக்கறதா தெரியலன்னு போட்டிருக்கு."

 அவர் வரவே மாட்டார் என்று இரண்டு வருடமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. வந்தால் போகவே மாட்டார் என்று இப்போது அரசாங்கம் சொன்னது. நடுவில் டிம்ப்னா நின்று ஈரத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், அண்ணனைப் பத்தி எழுதலையா அவர்?"

"எழுதல. குடும்பத்துல யார் யார்னு கேட்ட இடத்துல பேர் மட்டும் போட்டாராம். நோயாளி, இவர்தான் சோறு ஊட்டறது, குளிப்பாட்டறது எல்லாம்னு சொல்லலையாம். எங்க அண்ணன் படுத்துக் கிடக்கறதை ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட ஏன் சொல்லணும்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"சரிதான்னு சொன்னேன். சரிதானே?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாலக்கியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் "ஓ" என்றாராம். பிறகு உருளைக்கிழங்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

வீட்டுப் பூசை நடந்தது. சுவர்கள் பளிச்சென்று இருந்தன. சமையலறையில் நிற்க இடமில்லை. பூசை முடிந்து, பன்றி இறைச்சித் துண்டுகளும் முட்டையும் பழுப்பு ரொட்டியும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது பெக் அறையின் அந்த மூலையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அப்புறம், டிம்ப்னா! மாப்பிள்ளை வர்றதா சொன்னியே, எங்க? அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று சொல்லிவிடு என நான்தான் முந்தின நாள் அவளுக்கு யோசனை சொல்லியிருந்தேன். அவள் தேநீர்க் கெட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"விசா குடுக்கல, பெக். திரும்பிப் போகமாட்டார்னு நினைக்கிறாங்க. அவர் ஒண்ணும் தப்பு பண்ணல. வரணும்னு ஆசைப்பட்டார், முடியல. யாருக்கு இன்னும் டீ வேணும்?"

 பெக்கின் முகம் சுருங்கிவிட்டது. அவள் எப்போதும் சீண்டுவாளே தவிர மனசு கெட்டவள் இல்லை. தட்டை வைத்துவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து டிம்ப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நிஜமாவே இருக்காரா?"

"இருக்கார், பெக்."

"என் வாயில மண்ணு," என்றாள் பெக்.

பாதிரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாலக்கி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மாட்டைப் பார்க்கவேண்டும் என்று முணுமுணுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினார். வீட்டுப் பூசை நாளில், வீடு நிறைய ஆள் இருக்கும்போது, வீட்டுக்காரர் வெளியே போவது அழகில்லை. எல்லாருமே அதைக் கவனித்தார்கள்.

எல்லாரும் போனபிறகு டிம்ப்னா அவரைத் தேடித் தொழுவத்துக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அவளேதான் எனக்குச் சொன்னாள்.

மாலக்கி வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இருவரும் மாடுகள் அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு விசா இல்லன்னு நீ சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு," என்றார் மாலக்கி.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உருளைக்கிழங்கு ரெண்டாவது தடவை கேட்டே. நீ என்னிக்கு ரெண்டாவது தடவை கேட்டிருக்கே?"

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "அவன் வந்தா, உன்னை அங்க கூட்டிட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். நான் இந்தப் பெரிய வீட்டுல தனியா என்ன பண்றது? யார்கிட்ட பேசறது?"

"நீ எப்பப்பா பேசினே?"

"பேசலன்னாலும் நீ இருப்பியே."

"மாலக்கி," என்றாள் டிம்ப்னா, "அவரும் ஒரு அண்ணனை விட்டுட்டு வரமுடியாமத்தான் அங்க இருக்கார். நானும் ஒரு அண்ணனை விட்டுட்டுப் போகமுடியாமத்தான் இங்க இருக்கேன். எங்களுக்கு வாய்ச்ச அண்ணனுங்க அப்படி."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். எழுந்துபோகும்போது, "அந்தப் பதிலுக்கு மறுபடி எழுத வழி இருக்கா?" என்று கேட்டார்.

வழி இருந்தது. மேல்முறையீடு ஒரே ஒருமுறை செய்யலாம், அதற்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்வெல் கார்னிக்கைப் பற்றி எழுதச் சம்மதிக்கவேண்டும். அதுதான் கஷ்டம்.

ஒரு வியாழக்கிழமை மாலை கடையிலிருந்து கைபேசியில் அவரை அழைத்தாள். திரையில் முகம் தெரிந்தது. ஒட்ட வெட்டிய நரைமுடி, அகன்ற நெற்றி, தூக்கம் குறைந்த கண்கள். அவர்கள் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி ஆர்மீனியன். அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். டிம்ப்னா எனக்காக அவ்வப்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வேண்டாம், டிம்ப்னா," என்றார் சாம்வெல். "நான் வரலன்னா பரவாயில்ல. நீ வா. என் அண்ணன் நோயைக் காட்டி நான் விசா முத்திரை வாங்கமாட்டேன்."

"நோயைக் காட்டல. நீங்க அவரைப் பாத்துக்கறீங்கன்னு சொல்றோம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வந்தன. சாம்வெல் திரும்பி ஏதோ சொன்னார். குரல் விடவில்லை, மறுபடியும் சொன்னது, இந்தமுறை கொஞ்சம் கோபமாக. டிம்ப்னா கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"எழுதுடா முட்டாள்ங்கறார். நீ திரும்பி வருவேங்கறதுக்கு நான்தான்டா சாட்சிங்கறார். ரெண்டு வாரம் உன் மூஞ்சியைப் பாக்காம நிம்மதியா இருக்கேன், பெரியப்பா பையன் வந்து பாத்துப்பான்ங்கறார்."

சாம்வெல் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எழுதறேன்," என்றார்.

மறுநாள் மாலக்கி கடைக்கு வந்தார். அது ஒரு பெரிய விஷயம். அவருடைய முடியை டிம்ப்னா வீட்டுச் சமையலறையில் வெட்டிவிடுவாள், பெண்கள் கடைக்குள் அவர் கால்வைத்ததே இல்லை. சேற்றுக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கடிதம் எழுதியிருக்கேன். சரியா இருக்கான்னு பாரு."

"படி," என்றாள் டிம்ப்னா. அவள் கையில் சாயக் கிண்ணம். "கை ஈரம்."

மூன்று டிரையரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிறுத்தியது யார் என்று நான் பார்க்கவில்லை. மாலக்கி தொண்டையைச் செருமினார்.

"அன்புள்ள ஐயா—"

"ஐயாவா அம்மாவான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பெக். "ரெண்டையும் போடு."

"அன்புள்ள ஐயா அல்லது அம்மா. என் பெயர் மாலக்கி ரெனால்ட்ஸ். போன தடவை நான் எழுதிய கடிதம் சின்னதாக இருந்தது. அப்போது எனக்கு மனம் சரியில்லை—"

"அதெல்லாம் எதுக்கு அவங்களுக்கு?"

"விடுங்க பெக், நல்லாத்தான் இருக்கு," என்றேன் நான்.

மாலக்கி தொடர்ந்தார். "எனக்குப் பதினெட்டு மாடுகள் இருக்கின்றன. அதனால் நான் வெளியூர் போய் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. என் தங்கையின் கணவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். காலையில் அவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் இவர்தான். நம்மை நம்பி ஓர் உயிர் இருக்கும்போது எங்கே போனாலும் மனம் வீட்டிலேயே இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் வீட்டில் இரண்டு வாரம் இருப்பார், பிறகு போய்விடுவார். அவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுபவள் என் தங்கைதான். ஆனால் அவளும் அவரைப் போகச் சொல்வாள்."

 டிம்ப்னா கிண்ணத்தில் தூரிகையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சாயம் நுரைத்துவிட்டது.

"மாடு எத்தனைங்கறதை எடுத்துடலாமா?" என்று கேட்டார் மாலக்கி.

"இருக்கட்டும்," என்றாள் பெக். "மாடு ஒரு மரியாதை."

மேல்முறையீடு போனது. டாக்டர் எழுதித் தந்தது, பெரியப்பா மகன் எழுதியது, மாலக்கியின் கடிதம் எல்லாம் சேர்ந்து போயின. பிறகு காத்திருப்புதான். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. கேட்பவர்களிடம் டிம்ப்னா, "இன்னும் ஒண்ணும் தெரியல," என்று ஒரே குரலில் சொன்னாள். அவளுக்குக் கவலை இல்லை என்று நினைத்தவர்கள் உண்டு. கடை மூடியபின் அவள் கைபேசியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் இரண்டு தடவை, அதற்குமேல் இல்லை. அந்த விஷயத்திலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

ஜனவரி கடைசியில் விசா கொடுத்துவிட்டார்கள்.

சாம்வெல் பிப்ரவரியில் வந்தார். டப்ளின் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டாராம். இரண்டு வாரம் என்றாராம் இவர். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்துட்டு ரெண்டே வாரமா?" என்று அந்த அதிகாரி ஆச்சரியப்பட்டாராம். இதை டிம்ப்னா கடையில் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாம்வெலுக்கு மட்டும் இதில் என்ன சிரிப்பு என்று கடைசிவரை புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவரைக் கடைக்கு அழைத்து வந்தாள். அன்று இரண்டு நாற்காலி, மூன்று டிரையர், வாசல் பெஞ்சு எதிலும் இடமில்லை. அவசரமாக முடிவெட்டத் தேவைப்பட்டவர்கள் அத்தனை பேர் எங்கள் ஊரில் இருந்தது எனக்கே தெரியாது. பெக் தலை நிறையக் கர்லரோடு எழுந்து நின்று, சாம்வெலை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்து, கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிஜம்தான்," என்று ஊருக்கு அறிவித்தாள்.

சாம்வெல் தலைகுனிந்து வணங்கி, ஊரில் தான் வளர்க்கும் தேனீக்களின் கூட்டில் எடுத்த தேன் ஒரு குப்பியை அவளிடம் நீட்டினார். அன்றிலிருந்து பெக் அவர் கட்சி.

மழை நிற்கவே இல்லை. நாலாவது நாள் அவர் ஜன்னலோரம் நின்று, "மழை எப்ப நிக்கும்?" என்று மாலக்கியிடம் கேட்டார்.

மாலக்கி வெளியே பார்த்தார். "எந்த மழை? இது சும்மா ஈரம்."

அது கன்று ஈனும் காலம். இரவும் பகலும் தொழுவத்திலேயே கிடந்தார் மாலக்கி. சாம்வெலும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கூடவே போனார். தலைப்பிரசவம் ஒன்று சிக்கலானபோது இருவரும் கயிற்றைப் பிடித்து இழுத்து, கன்றோடு சேர்ந்து பின்பக்கமாக விழுந்தார்களாம். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. அதுவே மாலக்கிக்கு வசதியாகப்போனது. அறுபது வருடம் பேசாததை எல்லாம் அவரிடம் பேசினார்.

"என்னதான் பேசறே அவர்கிட்ட?" என்று கேட்டாள் டிம்ப்னா.

"எல்லாந்தான். குறுக்கே பேசறதில்ல. நல்ல மனுஷன்."

இரண்டாவது வாரத்தில் ஊரே அவரை இழுத்துக்கொண்டது. சனிக்கிழமை இரவு பப்பில் அவருக்காகப் பாட்டு ஏற்பாடு ஆயிற்று. பெக் அவரிடம் நேராகவே கேட்டாள். "எதுக்குத் திரும்பிப் போறீங்க? இங்கயே இருந்துடுங்களேன். இங்க ஓட்டறதுக்கு பஸ் இல்லையா?"

"என் அண்ணன்," என்றார் சாம்வெல்.

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் இந்த ஈரத்துல செத்துடுவார்," என்றார் சாம்வெல், மரியாதையாக.

புதன்கிழமை பெரியப்பா மகன் அழைத்தார். கார்னிக்குக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாராம். சாம்வெல் கைபேசியை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தார்.  டிம்ப்னா விமானச் சீட்டை மாற்றுவதற்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று தேடத் தொடங்கினாள். விசாவில் நாள் இன்னும் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை விடிவதற்குள் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். மாலக்கி வாசலில் நின்று சாம்வெலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடவில்லை.

"கன்னுங்க எல்லாம் பொறந்து முடியட்டும். மே மாசம் அவளை அனுப்பறேன்."

"அனுப்பறியா? நான் என்ன பார்சலா?" என்றாள் டிம்ப்னா காருக்குள்ளிருந்து.

"நீ போறேன்னு வாயைத் திறந்து கேக்கமாட்டே. அதான் நான் சொல்றேன்."

சனிக்கிழமைப் பாட்டு அவர் இல்லாமலேயே நடந்தது. ஏற்பாடு செய்ததை ஏன் கெடுக்கவேண்டும் என்றார்கள். டிம்ப்னாவும் போய் உட்கார்ந்து கேட்டாள்.

மே மாதம் அவள் போனாள், செப்டம்பரில் வந்தாள். அந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் நான் கடையைத் திறந்தேன். சாயம் கலக்கவும் பழகிக்கொண்டேன், பெக்குக்கு ஒருமுறை கொஞ்சம் ஊதாவாகப் போனதைத் தவிர. மாலக்கி முதல் மாதம் திண்டாடினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசப் பழகினார். இந்தப் பக்கம் அவர் மாட்டைக் காட்டுவார், அந்தப் பக்கம் உடம்பு தேறிய கார்னிக் தோட்டத்தைக் காட்டச் சொல்வார். இரண்டு அண்ணன்களும் ஒருவருக்கொருவர் புரியாமல் வெகுநேரம் பேசிக்கொள்வார்களாம்.

கார்னிக் அதற்கு அடுத்த வருடம் ஆகஸ்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். டிம்ப்னா அப்போது அங்கேதான் இருந்தாள். மாலக்கி இங்கே அவர் பெயரில் ஒரு பூசை வைத்தார். முகம்கூட நேரில் பார்க்காத மனிதருக்காகக் கோயில் பாதி நிறைந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு சாம்வெல் வரவேண்டும் என்று மறுபடி விசா கேட்டபோது டிம்ப்னா கொஞ்சம் தயங்கினாள். "இப்ப அங்க அவருக்கு யார் இருக்காங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள் என்னிடம். ஆனால் இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை. போன தடவை நாள் மிச்சம் இருக்கும்போதே போனவர் என்பது போதுமாக இருந்திருக்க வேண்டும். சில வாரத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிம்ப்னா ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததை எங்கள் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"இப்ப நீங்க நிரந்தரமா இங்க வர்றதுக்கே எழுதலாம். நான் உங்க மனைவி, உரிமை இருக்கு. எழுதட்டுமா?"

சாம்வெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். யோசித்து, தெரிந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார்.

"இங்க எனக்கு நீ இருக்கே, வேற ஒண்ணும் இல்ல. அங்க எனக்கு எல்லாம் இருக்கு, நீ இல்ல. உனக்கும் அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எல்லாத்தையும் விடணும். ஏன் விடணும்? நான் குளிர்ல வரேன், நீ வெயில்ல வா."

"குளிர்ல இங்க வர்றீங்களா? பைத்தியமா?" என்றேன் நான்.

"தேனீ குளிர்ல தூங்கும். அப்பத்தான் எனக்கு லீவு."

டிம்ப்னா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது, அதை நான் கண்டேன். அதைவிட நிம்மதி அதிகம் இருந்தது. கையை நீட்டி அவர் தட்டில் இன்னொரு துண்டு வான்கோழி வைத்தாள்.

மாலக்கி குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்லது. வருஷம் முழுக்க மூணு பேருக்கு அந்த ஒரு குளியலறை தாங்காது."